ஸ்கூபா பயணமும் டிப்ஸும்: வாசகர் கேள்வி – பதில்

காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கி நீந்தும் ஸ்கூபா டைவிங்குக்காக வெளிநாடு செல்பவர்கள் கவனிக்க வேண்டியவை குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன் பிறகு புதுச்சேரியிலிருந்தும் கடலூர் மாவட்டத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிப்ஸ் பற்றியே கேட்டிருந்தன. யாருக்கு, எவ்வளவு, எப்போது, எப்படிக் கொடுப்பது என்பது தெரியாமல் பலரும் கடைசி நாளில் திண்டாடியிருக்கிறார்கள். எனவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வரும் டிசம்பரில் நானும் கணவரும் மாலத்தீவுக்குச் செல்கிறோம். ஏழு இரவுகள் படகிலேயே தங்கி டைவ் செய்யும் ‘லிவ்அபோர்ட்’ பயணம் அது. முழுக் கட்டணத்தையும் கட்டிய பிறகு வந்த கடிதத்தின் கடைசியில், ‘பணியாளர்களுக்கான டிப்ஸ் இதில் அடங்காது’ என்று ஒரு வரி இருக்கிறது. இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு மேலும் கேட்பது முறைதானா? கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எவ்வளவு கொடுப்பது?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் வழக்கப்படி கொடுத்தே தீர வேண்டிய தொகை என்றுதான் நீங்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானக் கட்டணம், படகுக் கட்டணம் ஆகியவற்றோடு சேர்த்து முதல் நாளிலேயே ஒதுக்கிவிட்டால் மனம் சஞ்சலப்படாது. கடைசி நாளில் பர்ஸில் மிஞ்சியதைப் பார்த்து முடிவு செய்தால் கொடுப்பவருக்கும் நிறைவில்லை, வாங்குபவருக்கும் நிறைவில்லை. இந்த வரியை நிறுவனங்கள் பணம் வாங்கும் முன்பே, எல்லோர் கண்ணிலும் படும்படி அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அந்த வகையில் உங்கள் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் குறைக்குப் படகில் வேலை செய்பவர்கள் பொறுப்பல்ல.

அளவைப் பொறுத்தவரை, பயணக் கட்டணத்தில் சுமார் 10 சதவீதம் என்பது பல நாடுகளில் லிவ்அபோர்ட் பயணங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வேறு சில படகுகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 அமெரிக்க டாலர் வரை என்று சொல்வார்கள். ஒருவருக்கு 1,500 டாலர் கட்டிய பயணம் என்றால் முதல் கணக்கில் 150 டாலர் வரும். இரண்டாவது கணக்கில் ஏழு நாளுக்கு 70 முதல் 105 டாலர் வரும். இந்த இரண்டு எல்லைகளுக்கு இடையில் உங்கள் வசதிக்கும் அவர்களது உழைப்புக்கும் ஏற்ற ஒரு தொகையை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். பில்லில் காணப்படும் ஜிஎஸ்டியும் பசுமை வரியும் அரசுக்குப் போகிறவை. அவற்றைக் கட்டியதால் பணியாளருக்குக் கொடுத்ததாக ஆகாது. ‘சேவைக் கட்டணம்’ என்று தனியாக ஒரு தொகை இருந்தால், அது படகுப் பணியாளருக்கும் பகிரப்படுகிறதா என்பதை மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, அந்தப் பணம் யார் யாரைச் சென்று சேர வேண்டும் என்பதைத்தான். நம்மோடு தண்ணீருக்குள் இறங்கி, சுறாவையும் திருக்கையையும் காட்டும் டைவ் கைடு நமக்கு நண்பராகிவிடுகிறார். ஒரு வாரத்தில் அவர் வீட்டுக் கதையெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. மாலத்தீவுப் படகுகளில் தங்கும் கப்பல் ஒன்றாகவும், டைவிங் சாமான்களை ஏற்றிச் செல்லும் தோணி இன்னொன்றாகவும் இருக்கும். நாம் காலை உணவை முடித்துவிட்டு வருவதற்குள் அந்தத் தோணியில் கம்ப்ரஸரை ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டராக 200 பார் அழுத்தம் வரை காற்றை நிரப்பி, வால்வில் விரலை வைத்துக் கசிவு பார்த்து, அவரவர் மிதவை ஜாக்கெட்டில் பொருத்தி வரிசையாகக் கட்டிவைத்திருப்பவரை நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்? அவர் பெரும்பாலும் வங்கதேசத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ நம் நாட்டிலிருந்தோ பிழைக்கப் போனவராக இருப்பார். நாம் முப்பது மீட்டர் ஆழத்தில் சுவாசிக்கும் காற்று அவர் கைப்பட வந்தது. சமையல்காரர், இயந்திரம் பார்ப்பவர், அறை துடைப்பவர், அலையில் ஆடும் ஏணியில் நம்மைக் கைபிடித்துத் தூக்கிவிடுபவர் எல்லோரும் இதே கணக்கில் வருகிறவர்கள்.

அதனால்தான் பல படகுகளில் பொதுப் பெட்டி ஒன்றை வைத்து, சேர்ந்த தொகையைப் பங்கு பிரிக்கிறார்கள். தேவனாம்பட்டினத்தில் படகு கரை சேர்ந்ததும் மீன் விற்ற பணத்தில் படகுக்கு இவ்வளவு, தொழிலாளிக்கு இவ்வளவு என்று பங்கு வைப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சில படகுகளில் கைடுகளுக்கு ஒரு பெட்டி, மற்றப் பணியாளர்களுக்கு ஒரு பெட்டி என்று இரண்டு இருக்கும். இரண்டாவது நாளே கைடிடம், “இங்கே எப்படிப் பிரிப்பது வழக்கம்?” என்று கேட்டுவிடுங்கள். கைடின் கையில் மட்டும் தனியாகத் திணித்துவிட்டு வருவது நல்லெண்ணத்தில் செய்வதே ஆனாலும், பெட்டியில் போட வேண்டிய பங்கு அதனால் குறையுமானால், முகம் தெரியாத நான்கு பேருடைய கூலியில் கை வைத்ததாகிவிடும். பெட்டியில் போட்ட பிறகு ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கொடுக்கும் நேரம் பயணத்தின் கடைசி மாலை. தொடர்ந்து பல டைவ்கள் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆகையால் பெரும்பாலான படகுகளில் கடைசி நாளுக்கு முந்திய பகலோடு டைவிங் முடிந்துவிடும். எல்லோரும் ஓய்வாகக் கூடும் அந்த மாலையில் கவரில் போட்டுக் கொடுப்பதுதான் அழகு. மறுநாள் விடியற்காலையில் பெட்டி தூக்கும் அவசரத்தில் கொடுத்தால் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள்.

கேள்வி: என் மகன் பிரான்ஸில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறான். ‘பில்லிலேயே சேவை சேர்ந்துவிட்டது, டிப்ஸ் எல்லாம் பழைய காலத்துப் பழக்கம்’ என்பான். எகிப்தில் செங்கடல் டைவிங்குக்குக் குடும்பத்தோடு போனபோது அவன் எதுவும் கொடுக்காமல் வந்துவிட்டான். எனக்கு மனம் கேட்கவில்லை. அவன் சொல்வது சரியா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பிரான்ஸைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வது சரி. அங்கே உணவகங்களில் சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும்; விரும்பினால் சில்லறை விட்டு வரலாம், விடாவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பலவற்றில் அந்தப் பழக்கம் ஊறியிருக்கிறது. ஆனால் ஒரு நாட்டில் சம்பளம் எப்படிக் கட்டமைக்கப்பட்டிருக்கிறதோ அதற்கேற்பத்தான் டிப்ஸ் வழக்கமும் அமைகிறது. அதை இன்னொரு நாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் அநியாயமாகிவிடும்.

எகிப்தில் ‘பக்‌ஷீஷ்’ எனப்படும் இனாம் அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி. ஹுர்காடாவிலும் ஷர்ம் எல் ஷேக்கிலும் படகில் வேலை செய்பவர்களின் சம்பளம் சொற்பம். பயணிகள் கொடுப்பதும் சேர்ந்தால்தான் குடும்பம் நடக்கும். ஒரு நாள் படகுப் பயணம் என்றாலும் கைடுக்கும் படகுக்காரர்களுக்கும் சேர்த்துக் கவரில் வைத்துக் கொடுப்பதே அங்கே முறை. உங்கள் மனம் கேட்காமல் போனது நியாயம்தான்.

அமெரிக்காவில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச ஊதியம், அந்நாட்டு மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் மட்டுமே. 1991 முதல் அது உயரவே இல்லை. மீதியை வாடிக்கையாளர் கொடுப்பார் என்று சட்டமே எதிர்பார்க்கிறது. எல்லா டைவ் படகுகளும் இந்த ஏற்பாட்டில் இயங்குகின்றன என்பதில்லை. ஆனால் இந்த மனப்போக்கு படகுகளுக்கும் பரவியிருக்கிறது. ஃப்ளோரிடாவிலும் அமெரிக்கப் பயணிகள் அதிகம் செல்லும் கரீபியன் தீவுகளிலும் ஒரு சிலிண்டருக்கு, அதாவது ஒரு டைவுக்கு, 5 முதல் 10 டாலர் என்று கணக்கிட்டுக் கொடுப்பார்கள். காலையில் இரண்டு சிலிண்டர் டைவ் செய்தால் 10 முதல் 20 டாலர் ஆகிறது.

இதற்கு நேர்மாறான நாடுகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் கெய்ர்ன்ஸிலிருந்து பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் செல்லும் படகுகளில் வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படியான ஊதியம் கிடைக்கிறது. கொடுத்தால் மகிழ்வார்கள், ஆனால் எதிர்பார்ப்பதில்லை. ஜப்பானில், குறிப்பாக ஒகினாவாவில் டைவ் செய்யும்போது, பணத்தை நீட்டினால் கைடு திகைத்துப்போய்த் திருப்பித் தரவும் கூடும். அங்கே நம் ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கு, முந்திரி போன்ற சிறிய தின்பண்டப் பொட்டலம் ஒன்றை இரு கைகளாலும் கொடுத்து நன்றி சொன்னால் போதும். ஃபிஜித் தீவுகளில் தனித்தனியாகக் கொடுப்பதைவிட, விடுதியில் வைத்திருக்கும் ‘பணியாளர் கிறிஸ்துமஸ் நிதி’ப் பெட்டியில் போடுவதையே விரும்புவார்கள்.

கேள்வி: தாய்லாந்தில் சிமிலன் தீவுகளுக்குச் சென்றிருந்தேன். இரண்டு டைவ்களுக்குப் பணம் கட்டியிருந்தும், இரண்டாவது டைவில் நீரோட்டம் வலுக்கிறது என்று சொல்லி இருபத்தைந்து நிமிடத்திலேயே கைடு எல்லோரையும் மேலே கூட்டி வந்துவிட்டார். பாதி நேரம் வீணாகிவிட்ட கோபத்தில் டிப்ஸைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். செய்தது சரிதானே?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சரியில்லை என்று சொல்வதற்கு மன்னியுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள விவரப்படி பார்த்தால், அவருக்கு முழுத் தொகையும் அதற்கு மேலும் கொடுத்திருக்க வேண்டும்.

நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது மூச்சு வேகமாகும். சாதாரணமாக ஐம்பது நிமிடம் வரும் காற்று இருபது நிமிடத்தில் தீர்ந்துபோகலாம். சிலிண்டரின் காற்றழுத்தம் 200 பாரில் தொடங்கி, 100 பார் ஆனதும் திரும்பி, 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும். வரும் வழியில் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். இந்தக் கணக்கை உங்களுக்காக மட்டுமல்லாமல், குழுவில் மிக வேகமாக மூச்சு விடும் ஒருவருக்காகவும் சேர்த்து அவர் மனத்துக்குள் போட்டுக்கொண்டே இருக்கிறார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கொடிபோலப் படுக்கைவாட்டில் இழுபடும் அளவுக்கு நீரோட்டம் வந்துவிட்ட பிறகு ஏறுவதைவிட, அது வருவதற்குள் ஏற்றிவிடுபவர்தான் தொழில் தெரிந்தவர். பயணிகள் கோபப்படுவார்கள், தன் வருமானம் குறையும் என்பது தெரிந்திருந்தும் அவர் அந்த முடிவை எடுத்திருக்கிறார். அந்த முடிவுக்கு நாம் தண்டனை கொடுத்தால், அடுத்த முறை இன்னொரு குழுவோடு இறங்கும்போது அவர் ஐந்து நிமிடம் தயங்கக்கூடும். அந்த ஐந்து நிமிடத்தை யாரோ ஒருவர் தன் உயிரால் ஈடு செய்ய நேரிடலாம்.

தண்ணீர் கலங்கியிருந்தது, சுறா வரவில்லை, மழை பெய்தது என்பதற்கெல்லாம் டிப்ஸைக் குறைப்பதும் இதைப் போன்றதே. கடல் எப்படி இருக்கும் என்பது அவர்கள் கையில் இல்லை. குறைப்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு: டைவுக்கு முன் விளக்கம் சொல்லாமல் இறங்கச் சொன்னது, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க வாயில் வைக்கும் ரெகுலேட்டரைப் பழுதானதாகக் கொடுத்துவிட்டு ‘பரவாயில்லை’ என்றது, குழுவைப் பின்னே விட்டுவிட்டுத் தான் முன்னே நீந்திப் போனது போன்றவை அவை. அப்படி நடந்தால் பணத்தைக் குறைப்பதோடு விட்டுவிடாமல், டைவ் சென்டர் பொறுப்பாளரிடம் நேரில் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் குறைத்தால் கஞ்சத்தனம் என்று மட்டுமே எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: நான் பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் படிக்கும் மாணவி. உறவினர்களோடு வெளிநாட்டில் டைவ் செய்தபோது, கூட வந்த ஒருவர் ‘ஆக்டோபஸைப் பிடித்துக் காட்டு, தனியாகக் கவனிக்கிறேன்’ என்று கைடிடம் சொன்னார். கைடும் பொந்திலிருந்து அதை வெளியே இழுத்தார். அது மை கக்கிக்கொண்டு ஓடியது. எல்லோரும் படம் எடுத்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கும் வேதனையாக இருந்தது. பணம் நல்லதையும் வளர்க்கும், கெட்டதையும் வளர்க்கும். ஆமையைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்வது, பேத்தை மீனைச் சீண்டி உப்ப வைப்பது, திமிங்கிலச் சுறாவின் முன்னால் போய் வழி மறிப்பது எல்லாம் பயணிகள் கேட்பதாலும், கேட்டதற்குக் காசு கொடுப்பதாலும் நடப்பவை. அந்தக் கைடைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மாதச் சம்பளத்துக்கு நிகரான தொகையை ஒரே நாளில் தரத் தயாராக ஒருவர் நிற்கும்போது மறுப்பது எளிதல்ல. தவறு கேட்பவருடையது.

மாலத்தீவில் பா பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் ஆனைத்திருக்கைகள் கூட்டமாக இரை தேட வருகின்றன. அங்கே ஸ்கூபா சிலிண்டரோடு இறங்கவே அனுமதி இல்லை; நீச்சல் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து மேற்பரப்பில் நீந்தி மட்டுமே பார்க்கலாம். அந்த விரிகுடாவில் ‘ஐந்து நிமிடம் மட்டும்’ என்று யாராவது கைடின் கையில் நோட்டை வைத்தால், அது லஞ்சம். அதை டிப்ஸ் என்று அழைப்பதால் அதன் தன்மை மாறிவிடாது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இறங்குவதற்கு முன் விளக்கம் சொல்லும் நேரத்திலேயே, எல்லோர் காதிலும் விழும்படி, “நாங்கள் எதையும் தொட விரும்பவில்லை, நீங்களும் தொட வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். கைடுக்கு அது பெரிய பாதுகாப்பு. மற்றவர் கேட்கும்போது மறுக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பிறகு கடைசியில் கவரைக் கொடுக்கும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “தொலைவிலிருந்தே பொறுமையாகக் காட்டினீர்கள், அதற்காக.” எதற்குப் பணம் வருகிறது என்பதை அவர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள்.

கேள்வி: தாய்லாந்தின் கோ தாவ் தீவில் நான்கு நாள் ‘ஓபன் வாட்டர்’ என்ற தொடக்கநிலை டைவிங் பயிற்சி எடுக்கப்போகிறேன். பயிற்றுநருக்கும் டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கட்டாயம் இல்லை. பயிற்சி முடிந்த மாலையில் சாப்பாட்டுக்கு அழைப்பது அங்கே பரவலான பழக்கம். பலருக்கு அது போதும். தண்ணீரைக் கண்டு பயந்த உங்களுக்காகக் கூடுதல் நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தார் என்றால் பணமாகவும் கொடுக்கலாம். டைவ் சென்டரின் இணையப் பக்கத்தில் அவரது பெயரைக் குறிப்பிட்டு நான்கு வரி பாராட்டு எழுதுங்கள். அடுத்த மாணவர் அவரைத் தேடி வருவதற்கு அது உதவும்.

கேள்வி: டிப்ஸை எந்த நாணயத்தில் கொடுப்பது? இந்திய ரூபாய் செல்லுமா? கார்டில் கொடுக்கலாமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: நடுக்கடலில் நிற்கும் படகில் கார்டு இயந்திரத்தை நம்ப வேண்டாம், ரொக்கமே நல்லது. இந்திய ரூபாயைக் கொடுத்தால் அதை மாற்ற அவர் அலைய வேண்டியிருக்கும். மாலத்தீவில் அமெரிக்க டாலர் எங்கும் செல்லும். தாய்லாந்தில் பாட், இந்தோனேசியாவில் ருபியா, பிலிப்பைன்ஸில் பெசோ என்று உள்ளூர்ப் பணமே சிறந்தது. வெளிநாடு செல்லும் இந்தியர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக வாங்கிக்கொள்ளலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்நியச் செலாவணி மாற்றும் இடத்தில் வாங்கும்போதே ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நூறு டாலர் நோட்டை வைத்துக்கொண்டு படகில் சில்லறை தேடுவது பெரும்பாடு.

நோட்டு புதிதாக இருக்க வேண்டும். மடித்த, கிழிந்த, பேனாக் கிறுக்கல் உள்ள டாலர் நோட்டுகளை இந்தோனேசியா உட்படப் பல நாடுகளில் பணம் மாற்றுபவர்கள் வாங்க மறுப்பார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். நாம் கொடுத்த பத்து டாலர் அவர் கையில் எட்டாகிவிடும். வெளிநாட்டு உலோகக் காசுகளையோ பணம் மாற்றும் இடங்களில் பொதுவாக வாங்குவதில்லை. எகிப்தில் படகுப் பையன்கள் யூரோ காசுகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஐரோப்பியப் பயணி யாராவது நோட்டாக மாற்றித் தருவாரா என்று கேட்பது வழக்கமான காட்சி.

பாலித் தீவின் துலாம்பென் கடற்கரைக்குப் போனால் அங்கே சிலிண்டர் சுமக்கும் பெண்களைப் பார்ப்பீர்கள். 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு ஆளான ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் அங்கே கரைக்கு அருகிலேயே மூழ்கிக் கிடக்கிறது; அதைப் பார்க்கத்தான் உலகெங்கிலுமிருந்து டைவர்கள் வருகிறார்கள். கரை முழுவதும் உருண்டைக் கற்கள். வெறுங்கையோடு நடந்தாலே கால் பிசகும். அந்தக் கற்களின் மேல், தலையில் சும்மாடு வைத்து, பதினான்கு பதினைந்து கிலோ எடையுள்ள சிலிண்டரை நிறுத்தி, கையால் பிடிக்காமலேகூட அந்தப் பெண்கள் நடந்துபோகிறார்கள். அவர்களுக்கான கூலியை டைவ் சென்டர் கொடுத்துவிடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்தாலும், சிறிய ருபியா நோட்டு ஒன்றைத் தனியாகக் கையில் கொடுங்கள். ருபியாவில் பூஜ்யங்கள் அதிகம் என்பதால் பத்தாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் குழப்பம் வரும். முந்திய இரவே நோட்டுகளைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: மே மாதம் திருகோணமலை போகிறோம். புறாத்தீவுப் பக்கம் டைவ் செய்யத் திட்டம். அங்குள்ள படகோட்டிகள் நம்மைப் போலவே தமிழ் பேசுபவர்கள், பலர் வயதில் மூத்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களிடம் டிப்ஸ் என்று நீட்டுவது மரியாதைக் குறைவாக இருக்காதா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கொடுப்பதில் மரியாதைக் குறைவு இல்லை; கொடுக்கும் விதத்தில் வரலாம். இலங்கையில் உணவகங்களிலும் விடுதிகளிலும் பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணமாகச் சேர்ப்பது வழக்கம். ஆனால் படகோட்டி அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரைதான். டைவிங் வருமானம் முழுவதும் அந்தச் சில மாதங்களுக்குள் வந்தாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லோர் முன்னிலையிலும் எண்ணிக் கொடுக்காதீர்கள். கரை சேர்ந்து, சாமான்களை இறக்கி முடித்த பிறகு, அவரைச் சற்றுத் தனியே அழைத்து, “ஐயா” என்றோ, அவ்வூர் வழக்கப்படி “அண்ணை” என்றோ விளித்து, மடித்த கவரை வலக்கையால் கொடுங்கள். “பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்கினீர்கள்” என்று செய்த வேலையைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். “டீ குடியுங்கள்” என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். அவர் பார்த்த வேலைக்கு அது பொருந்தாத பேச்சு. முதல் முறை அவர் வேண்டாமென்று மறுத்தால் இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். அதன் பிறகும் மறுத்தால் வற்புறுத்தாமல், டைவ் சென்டரில் அவர் பெயர் எழுதிய கவராக விட்டுவிட்டு வாருங்கள்.